கை கட்டிய டிரம்மர்



கிங் க்ரிம்சன் ஆல்பங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேட்டார். "சார், அது ஒரு ஆளோட பேரா, குழுவோட பேரா?" என்பது முதல் கேள்வி. "எந்த ஆல்பத்துலேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். லண்டனில் ஃபுல்ஹாம் பேலஸ் சாலையில், ஒரு காபிக் கடையின் நிலவறையில், 1969 ஜனவரி 13 அன்று முதல் ஒத்திகை பார்த்த ராக் இசைக்குழு அது. இரண்டாவதுக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்றேன். கொடுத்துவிட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். 1969 முதல் 2003 வரை இந்தக் குழு வெளியிட்டது 13 ஸ்டுடியோ ஆல்பங்கள். மேடைப் பதிவுகளையும் சேர்த்தால் ஒரு பீரோ நிறையும். முதல் ஏழு ஆல்பங்களை எடுத்துக்கொண்டால், அடுத்தடுத்த இரண்டில் அதே ஆட்கள் இருந்ததே இல்லை. பாடகர் போவார், டிரம்மர் போவார், சாக்ஸஃபோன்காரர் போய்விட்டுத் திரும்பி வருவார். ஆரம்பம் முதல் கடைசிவரை இருந்தவர் ஒருவர்தான்: ராபர்ட் ஃப்ரிப். டார்செட் மாவட்டத்து விம்போர்ன் என்ற சிற்றூர்க்காரர். முக்காலியில் உட்கார்ந்தபடி கிடார் வாசிப்பார். ராக் மேடையில் உட்கார்ந்து வாசிப்பவரைப் பார்த்தாலே ஜனங்களுக்கு ஒரு மாதிரியாக இருந்த காலம் அது. அவர் அசைந்து கொடுக்கவில்லை.

பெரும்பாலானவர்கள் முதல் ஆல்பத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அட்டையில் அலறும் அந்தச் சிவந்த முகம் அப்படி இழுக்கும். நான் உங்களை வேறு வாசல் வழியாக அழைத்துப்போகிறேன். "ட்ரியோ" என்று ஒரு சின்ன உருப்படி. ஐந்தே முக்கால் நிமிடம்கூட வராது. 1974இல் வந்த "ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் ப்ளாக்" ஆல்பத்தில் இருக்கிறது. முதலில் அதைக் கேட்போம்.

(இந்த இடத்தில் "ட்ரியோ" ஒலிபரப்பப்பட்டது.)

இது ஸ்டுடியோவில் பதிவானதில்லை. 1973 நவம்பர் 23 அன்று, ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கபோ அரங்கில், ரசிகர்கள் முன்னால், அந்த நிமிடத்தில் தோன்றியபடி வாசித்தது. கைதட்டலை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஆல்பத்தில் சேர்த்தார்கள். டேவிட் கிராஸின் வயலின் ஆரம்பிக்கிறது. ஜான் வெட்டனின் பேஸ் கிடார் அதற்குப் பக்கத்தில் மெதுவாக வந்து நிற்கிறது. ஃப்ரிப் கிடாரைக் கீழே வைத்துவிட்டு மெலோட்ரான் என்ற கீபோர்டில் புல்லாங்குழல் ஒலியை வாசிக்கிறார். மூன்றே பேர். அதனால்தான் அந்தப் பெயர்.

அப்படியானால் நான்காவது ஆள் எங்கே போனார்? பில் ப்ரூஃபோர்ட் என்ற டிரம்மர் மேடையில்தான் இருந்தார், தன் டிரம்ஸுக்குப் பின்னால். மற்ற மூவரும் எங்கே போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது நுழையலாமா, இல்லை இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று காத்திருந்தார். குச்சிகளை மார்பின் குறுக்கே வைத்துக் கை கட்டியபடி கடைசிவரை ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. ஆல்பம் வந்தபோது அந்த உருப்படியை இயற்றியவர்கள் பட்டியலில் நான்கு பேர் பெயரும் இருந்தது. வாசிக்காமல் இருந்ததும் இசையமைப்பில் ஒரு பங்குதான் என்று மற்ற மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

இந்தக் குழுவின் ஆல்பங்களுக்குள் போக எனக்குக் கிடைத்த வழி இது. யார் என்ன வாசிக்கிறார் என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். கிங் க்ரிம்சனைக் கேட்கும்போது யார் எதை வாசிக்காமல் இருக்கிறார் என்றும் கவனிக்கத் தொடங்கினால், குழப்பமாகத் தோன்றுகிற பல இடங்கள் தெளிந்துவிடும்.

இதைச் சொன்னால் ப்ராக்ரசிவ் ராக் கேட்டவர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் எழுந்த இந்த வகை இசையின் மீது அன்றும் இன்றும் சொல்லப்படும் குற்றச்சாட்டே அடக்கமின்மைதான். இருபது நிமிடப் பாட்டு, பத்து நிமிட டிரம்ஸ் தனி, மேடை முழுக்க கீபோர்டு, அங்கி போட்ட வித்வான்கள். எழுபதுகளின் நடுவில் பங்க் இளைஞர்கள் மூன்று கிடார் கார்டுகளை வைத்துக்கொண்டு இவர்களை எள்ளி நகையாடியதில் தப்பே இல்லை. க்ரிம்சனும் அந்த ஊர்வலத்தில் நடந்த குழுதான். அதிலும் முன்வரிசையில். அதனால்தான் அந்த ஆம்ஸ்டர்டாம் இரவு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ப்ரூஃபோர்டுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது. அவர் 1972வரை யெஸ் குழுவில் இருந்தவர். "க்ளோஸ் டு தி எட்ஜ்" ஆல்பத்தை முடித்த கையோடு, அந்தக் குழு பணமும் புகழுமாகக் குவிக்கத் தொடங்கிய நேரத்தில், விலகி க்ரிம்சனுக்கு வந்தார். கெட்டிக்கார இளைஞர், கை வேகம் அபாரம், அதைக் காட்டவும் ஆசை. வந்த இடத்தில் அவருக்குப் பக்கத்திலேயே இன்னொரு தாளக்காரரை உட்காரவைத்திருந்தார் ஃப்ரிப். பெயர் ஜேமி முயர். முயரின் வாத்தியங்களைப் பட்டியல் போட்டால் பழைய இரும்புக் கடை மாதிரி இருக்கும்: சங்கிலிகள், தகரத் தகடுகள், ரொட்டி டப்பா, ரம்பம், மணிகள், விசில்கள். மேடையில் வாயில் போலி ரத்த மாத்திரையைக் கடித்து மோவாயெல்லாம் சிவப்பு வழிய நிற்பார்.

இந்த முயர்தான் ப்ரூஃபோர்டிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். நீ இசைக்கு ஊழியம் செய்ய வந்திருக்கிறாய், இசை உனக்கு ஊழியம் செய்ய வரவில்லை என்கிற பொருளில். ப்ரூஃபோர்ட் பிற்காலத்தில் பேட்டிகளில் இதைத் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்திருக்கிறார். வாயில் ரத்தம் ஒழுகக் கூத்தடித்த மனிதர் சொன்ன உபதேசம் என்பதுதான் வேடிக்கை. 1973 தொடக்கத்தில் "லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்" ஆல்பப் பதிவு முடிந்த சில நாட்களில் முயர் குழுவை விட்டுவிட்டு ஸ்காட்லாந்தில் ஒரு புத்த மடத்துக்குப் போய்விட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆம்ஸ்டர்டாமில் ப்ரூஃபோர்ட் கை கட்டினார்.

முயர் வாசித்த அந்த ஒரே ஒரு க்ரிம்சன் ஆல்பத்தை எப்படிக் கேட்பது என்றும் சொல்லிவிடுகிறேன். பேருந்திலும் காரிலும் போடாதீர்கள். முதல் உருப்படி கட்டைவிரலால் மீட்டும் ஆப்பிரிக்க வாத்தியமான கலிம்பாவின் ஒலியோடு, மணிச் சலசலப்போடு தொடங்குகிறது. முதல் சில நிமிடங்கள் அவ்வளவு மெல்லிய ஒலி. சரியாகக் கேட்கவில்லையே என்று நீங்கள் ஒலியைக் கூட்டுவீர்கள். அப்புறம் வயலின் நடுங்கும் வில்லோடு வரும். அதன்பிறகு கிடாரும் பேஸும் சேர்ந்து ஒரு அடி அடிக்கும் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். அந்த அடிக்கு அவ்வளவு பலம் எப்படி வந்தது? முன்னால் இருந்த நிமிடங்களில் எதையும் செலவழிக்காமல் சேர்த்துவைத்தார்கள். கடன் வாங்கிச் சத்தம் போடுகிற குழுக்கள் நிறைய உண்டு. இவர்கள் ரொக்கம் வைத்துச் சத்தம் போட்டார்கள்.

சரி, இப்போது அந்தச் சிவந்த முகத்துக்கு வருவோம். "இன் தி கோர்ட் ஆஃப் தி க்ரிம்சன் கிங்", 1969 அக்டோபர் 10. அந்த ஆண்டு ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியில் அவர்களுக்கு முன்னால் இவர்கள் வாசித்தார்கள். லட்சக்கணக்கான ஜனம். ஒத்திகை தொடங்கி அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதன்பிறகு ஆல்பம். வெளியிலிருந்து ஒரு தயாரிப்பாளரை வைத்துப் பதிவு செய்து பார்த்தார்கள். சரிப்பட்டு வரவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெஸ்ஸெக்ஸ் ஸ்டுடியோவில் தாங்களே செய்துகொண்டார்கள். இருபது வயதுகளின் தொடக்கத்திலும் நடுவிலும் இருந்த இளைஞர்கள். அட்டைப் படத்தை வரைந்தவர் பேரி காட்பர் என்ற கணினி நிரல் எழுதுபவர். முன்னட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை, அந்த முகம் மட்டும்தான். ஆல்பம் வெளிவந்து சில மாதங்களில், 1970 பிப்ரவரியில், 24 வயதில் காட்பர் மாரடைப்பில் இறந்துபோனார்.

இந்த ஆல்பத்தை நிறைத்து நிற்கும் ஒலி மெலோட்ரானுடையது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இந்த இசை வேறு மாதிரி கேட்கும். பர்மிங்ஹாமில் செய்த கீபோர்டு அது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு காந்த நாடா, அதாவது நம் கேசட்டில் இருக்குமே அந்த மாதிரி நாடா. அதில் வயலின் கோஷ்டி ஒரு சுரத்தை வாசித்ததைப் பதிவு செய்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், வயலின் ஒலிக்கும். எட்டு வினாடியில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் சுருள்வில் நாடாவைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். ஆகவே எந்தச் சுரத்தையும் எட்டு வினாடிக்கு மேல் பிடிக்க முடியாது. மின்சாரம் கொஞ்சம் ஏறி இறங்கினால் சுருதி சறுக்கும். குழுவில் இருந்த இயன் மெக்டொனால்ட் இந்த முரட்டு யந்திரத்தை வைத்துக்கொண்டு "எபிடாஃப்" பாட்டிலும் தலைப்புப் பாட்டிலும் கடல் மாதிரி ஒலியை எழுப்புகிறார். அந்தக் கடல் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? உண்மையான வயலின் கோஷ்டியை அமர்த்தியிருந்தால் அந்த நடுக்கம் கிடைத்திருக்காது.

முதல் பாட்டான "ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்ட் மேன்" பலருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். கான்யே வெஸ்ட் 2010இல் "பவர்" என்ற பாட்டில் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பயன்படுத்தினார். அந்த வழியாக வந்த இளைஞர்கள் இந்த அரங்கிலேயே இருக்கலாம். பாட்டின் நடுவே ஒரு இடம் வரும். கிடார், சாக்ஸஃபோன், பேஸ், டிரம்ஸ் நான்கும் ஒன்றாக, பொறுக்கி எடுத்த மாதிரி சிறு சிறு சொற்கட்டுகளை வெட்டி வெட்டி வாசிப்பார்கள். இடையில் முழு நிறுத்தம். மறுபடி ஒரு வெட்டு, மறுபடி நிறுத்தம். மிருதங்கமும் கஞ்சிராவும் சேர்ந்து கோர்வை வைக்கும்போது நிறுத்தத்தில் யாராவது ஒருவர் வழுக்கினால் நமக்குத் தெரிந்துவிடும் அல்லவா, அந்த ஆபத்து இங்கே நான்கு பேருக்கும் இருக்கிறது. யாரும் வழுக்கவில்லை. கேட்பவர்கள் அந்த இடத்தின் வேகத்தைப் புகழ்வார்கள். எனக்கு அந்த நிறுத்தங்கள்தான் பிடிக்கும்.

அதே ஆல்பத்தில் "மூன்சைல்ட்" என்று ஒன்று. முதல் இரண்டு நிமிடம் அழகான பாட்டு. பிறகு பத்து நிமிடத்துக்கு மூன்று பேர் இருட்டில் பாத்திரம் தேடுகிற மாதிரி ஒலி. வாசிக்காமல் இருப்பது உயர்ந்தது என்று இவ்வளவு நேரம் சொன்னவன் இதைக் கொண்டாடத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். முடியவில்லை. "ட்ரியோ"வில் ஒருவரை ஒருவர் கேட்கிறார்கள். இங்கே ஒவ்வொருவரும் தன் விரலையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் 2009இல் இந்த ஆல்பத்தை ரீமிக்ஸ் செய்தபோது இந்தப் பகுதியைக் கொஞ்சம் குறைத்தார். நல்ல காரியம்.

ஆல்பம் வெற்றி பெற்றது, அமெரிக்கப் பயணம் போனார்கள், டிசம்பரில் பயணம் முடிவதற்குள் மெக்டொனால்டும் டிரம்மர் மைக்கேல் கைல்ஸும் விலகிவிட்டார்கள். பாடகர் கிரெக் லேக் அடுத்த ஆண்டு எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவைத் தொடங்கப் போய்விட்டார். மிஞ்சியவர்கள் ஃப்ரிப்பும், பாட்டெழுதிய பீட்டர் சின்ஃபீல்டும்.

அதற்குப் பின் வந்த மூன்று ஆல்பங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். "இன் தி வேக் ஆஃப் பொசைடன்" முதல் ஆல்பத்தின் கார்பன் பிரதி. "கேட் ஃபுட்" பாட்டில் கீத் டிப்பெட்டின் பியானோ மட்டும் புதுசு. "லிஸர்ட்" ஒரு பக்கம் முழுக்க நீளும் தலைப்பு உருப்படியில் யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சனையும் ஜாஸ் ஊதுகுழல்காரர்களையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தது. இலையில் இடமே இல்லாத அளவுக்குப் பரிமாறியிருக்கிறார்கள். ஃப்ரிப்புக்கே நெடுங்காலம் அது பிடிக்காது. "ஐலண்ட்ஸ்" மட்டும் விதிவிலக்கு. பாஸ் பர்ரெல் என்ற பாடகருக்கு பேஸ் கிடார் வாசிக்கத் தெரியாது. ஆள் கிடைக்காமல் ஃப்ரிப் அவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். புதிதாகக் கற்றவர் நிறைய வாசிக்க மாட்டார், வாசிக்கவும் முடியாது. அந்தத் தலைப்புப் பாட்டில் அவ்வளவு இடம் விட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மார்க் சாரிக் அதில் கார்னெட் ஊதுவதைக் கேளுங்கள். மற்றதை எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

1973, 74ஐப் பற்றி ஏற்கெனவே பேசிவிட்டேன். 1974இன் "ரெட்" ஆல்பத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அது கடைகளுக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்னால், செப்டம்பரில், ஃப்ரிப் குழுவைக் கலைத்துவிட்டார். பெரிய லாரிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் பூதாகரமான இசைக்குழுக்களின் காலம் முடிந்தது என்றார். பங்க் வெடித்தது அதற்குப் பிறகுதான் என்பதை மறக்க வேண்டாம். அவர் ஆன்மிக ஆசிரியர் ஜே. ஜி. பென்னெட்டின் போதனைகளில் ஈடுபட்டு, பென்னெட் நிறுவிய ஷெர்போர்ன் இல்லத்தில் பத்து மாதப் பயிற்சிக்குப் போனார். ராக் உலகம் அவரைக் கிட்டத்தட்ட மறந்தேவிட்டது. 1977இல் டேவிட் போவியின் "ஹீரோஸ்" பாட்டில், பெர்லினில், அந்த நீண்ட கிடார் ஒலியோடு திரும்பி வந்தார்.

1981இல் வந்த "டிசிப்ளின்" ஆல்பம் அந்தப் பயிற்சிக் காலத்தின் பலன். குழுவுக்கே முதலில் அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ப்ரூஃபோர்ட் திரும்பி வந்தார். மற்ற இருவரும் அமெரிக்கர்கள்: கிடார் வாசித்துப் பாட ஏட்ரியன் பெலூ, பேஸுக்கும் சாப்மன் ஸ்டிக்குக்கும் டோனி லெவின். பத்துத் தந்தி கொண்ட நீளப் பலகை மாதிரியான வாத்தியம் அந்த ஸ்டிக். இரண்டு கைவிரல்களாலும் தட்டியே வாசிப்பார்கள். ஃப்ரிப் ப்ரூஃபோர்டிடம் ஒரு நிபந்தனை வைத்தார்: சிம்பல்களைத் தொடாதே, அந்த மேல் ஒலியெல்லாம் கிடாருக்கு வேண்டும். டிரம்மரிடம் சிம்பலைத் தொடாதே என்பது பாடகரிடம் மேல் ஸ்தாயி வேண்டாம் என்பதற்குச் சமம். ப்ரூஃபோர்ட் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அதனால் அந்த ஆல்பம் முழுக்க டிரம்ஸ் பறையும் முழவும் போலத் தோல் ஒலியாகக் கேட்கிறது.

அதில் "ஃப்ரேம் பை ஃப்ரேம்" என்ற பாட்டைக் கையில் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். மிஸ்ர நடை பழகிய காது நமக்கு. ஏழு என்ற கணக்கு நம்மை மிரட்டாது. ஃப்ரிப்பும் பெலூவும் ஒரே சொற்கட்டை ஏழில் சேர்ந்து வாசிக்கத் தொடங்குகிறார்கள். பிறகு ஒருவர் பதினான்கு சுரத்துக்கு ஒரு சுற்றாக வாசிக்க, மற்றவர் ஒரே ஒரு சுரத்தை விட்டுவிட்டுப் பதின்மூன்றில் சுற்றுகிறார். ஒரு சுரம்தான் குறைகிறது. ஆனால் இரண்டு கிடாரும் சுற்றுக்கு ஒரு சுரம் வீதம் விலகிக்கொண்டே போகும். ஒன்றாக இருந்த ஒலி இரண்டாகப் பிரியும், ஒன்றின் இடுக்கில் இன்னொன்று புகும், பிறகு திரும்ப ஒட்டும். இந்தோனேசியாவின் கமலான் இசையில் இப்படி ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்பும் முறை உண்டு. ஃப்ரிப்பின் காது அந்தப் பக்கம் போயிருந்தது. இங்கே தனி ஆவர்த்தனமே கிடையாது. யார் எதை வாசிக்கிறார் என்று கண்டுபிடிக்கவே உங்களால் முடியாது.

இவ்வளவு கட்டுப்பாட்டில் மூச்சுத் திணறாதா? திணறும். அதற்காகத்தான் அதே ஆல்பத்தில் "இன்டிசிப்ளின்" என்று ஒன்று வைத்தார்கள். அதில் ப்ரூஃபோர்டை அவிழ்த்துவிட்டார்கள். அடக்கிவைத்த அத்தனையும் வெளியே வருகிறது. "தேலா ஹுன் கிஞ்சீட்" என்ற பாட்டில் பெலூவின் குரல் பதற்றத்தோடு பேசுவதைக் கேட்பீர்கள். ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு லண்டன் தெருவில் குரல் பதிவு செய்யப் போனவரை ஒரு கும்பல் வளைத்துக்கொண்டது. தப்பி வந்தவரைப் போலீசும் நிறுத்தியது. ஸ்டுடியோவுக்கு ஓடிவந்து நடந்ததைச் சொன்னபோது, ஃப்ரிப் அவருக்குத் தெரியாமல் மைக்கைத் திறந்துவைக்கச் சொல்லிவிட்டார். அதுதான் பாட்டில் இருக்கிறது.

அதே நால்வர் "பீட்", "த்ரீ ஆஃப் எ பர்ஃபெக்ட் பேர்" என்று இன்னும் இரண்டு ஆல்பம் செய்தார்கள். 1995இல் ஆறு பேராக "த்ராக்". நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு நெருக்கமில்லை. 2000இல் வந்த "தி கன்ஸ்ட்ரக்ஷன் ஆஃப் லைட்" எனக்குப் பிடிக்காத ஒரே க்ரிம்சன் ஆல்பம். எல்லோரும் எல்லா நேரமும் வாசிக்கிறார்கள். கணக்கு சரியாக இருக்கிறது, காது களைத்துவிடுகிறது. 2003இன் "தி பவர் டு பிலீவ்" அதைவிட எவ்வளவோ மேல்.

இந்த இசையெல்லாம் நம் ஊரில் கிடைத்ததா என்று இங்கே வருவதற்கு முன் ஒருவர் கேட்டார். எங்கள் காலத்தில் கேசட் பதிவு செய்து தரும் கடையில் பாட்டு எழுதிக் கொடுத்தால் பீட்டில்ஸ் கிடைக்கும், பிங்க் ஃப்ளாய்ட் கிடைக்கும். க்ரிம்சன் என்றால் கடைக்காரர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். இணையம் வந்த பிறகும் நிலைமை உடனே மாறவில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களுக்கு இந்த ஆல்பங்கள் 2019இல்தான் வந்தன. இன்று உங்கள் கைபேசியில் பதின்மூன்றும் இருக்கின்றன. ஒரு பாட்டு முடிந்ததும் அதுவாக அடுத்த ஆல்பத்துக்குத் தாவும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள்.

கடைசிக் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. 2014இல் ஃப்ரிப் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி கச்சேரிக்கு வந்தபோது, மேடையின் முன்வரிசையில் பாடகரை நிறுத்தவில்லை. மூன்று டிரம்மர்களை உட்காரவைத்தார். பாட்டுக்காரரும், கிடாரும், பேஸும், சாக்ஸஃபோனும் பின்னால் உயரத்தில். மூன்று டிரம்ஸ் என்றதும் காது கிழியும் என்று பயந்தேன். அவர்களில் ஒருவரான கேவின் ஹாரிசன் மூவருக்கும் தாளத்தைப் பிரித்துக் கொடுத்திருந்த விதம் அப்படி நடக்கவிடவில்லை. ஒருவர் தொடங்கிய சொல்லை அடுத்தவர் முடிப்பார், மூன்றாமவர் பல நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். மேடையில் விளக்கு விளையாட்டே இல்லை, எல்லார் மேலும் ஒரே வெள்ளை வெளிச்சம். யார் தனி வாசித்தாலும் அவர் மேல் ஒளி குவியாது. ரசிகர்கள் படம் எடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. நிகழ்ச்சி முடிந்து டோனி லெவின் தன் கேமராவைத் தூக்கினால் மட்டும் அவர்களும் எடுக்கலாம் என்றிருந்தது. இதைக் கறார் என்று திட்டியவர்கள் உண்டு. கல்யாண வரவேற்பில்கூட மேடையை மறைத்துக்கொண்டு கைபேசி தூக்குகிற நமக்கு இது கொஞ்சம் தேவை என்றே எனக்குப் படுகிறது.

அந்த வெள்ளை வெளிச்சம் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் மாறும். மெல்ல மெல்லச் சிவப்பாகும். அதுதான் "ரெட்" ஆல்பத்தின் கடைசி உருப்படி, "ஸ்டார்லெஸ்". 2021 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் நடந்த கடைசிக் கச்சேரியும் அதில்தான் முடிந்தது.

"ஸ்டார்லெஸ்" முதலில் ஜான் வெட்டன் கொண்டுவந்த பாட்டு. மற்றவர்களுக்குப் பிடிக்காமல் முந்தைய ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டார்கள். பிறகு மறுபடி எடுத்தார்கள். 12 நிமிடம் சொச்சம். முதல் நான்கு நிமிடம் மெலோட்ரான், சோகமான ஒரு கிடார் மெட்டு, வெட்டனின் குரல். பாட்டு அங்கே முடிகிறது. பிறகு பேஸில் ஒரு வரி தொடங்குகிறது, பதின்மூன்று எண்ணிக்கையில். இந்த பேஸ் வரியைக் கொடுத்தவர் டிரம்மர் ப்ரூஃபோர்ட் என்பதை நினைவில் வையுங்கள். அதன் மேல் ஃப்ரிப் ஒரே ஒரு சுரத்தை வாசிக்கிறார். அதே சுரத்தை ஒரு தந்தியிலும் அடுத்த தந்தியிலும் மாற்றி மாற்றி. உலகத்தில் மிகச் சிக்கலான கிடார் வாசிக்கத் தெரிந்த ஒரு மனிதர். அவருடைய "ஃப்ராக்சர்" உருப்படியைக் கற்றுக்கொள்ள இருபது ஆண்டுக்கு மேல் போராடி, அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர் இருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் ஒரே சுரத்தில் நிற்கிறார். பிறகு அரைப் படி ஏறுகிறார். அங்கே நிற்கிறார். ப்ரூஃபோர்ட் முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மரக்கட்டை ஒலியைத் தூவுகிறார், டிரம்ஸ் பக்கம் போகவே இல்லை. நான்கு நிமிடத்துக்கு மேல் இப்படியே இறுகிக்கொண்டு போகும். கேட்பவர்களின் தோள்பட்டை தானாக மேலே ஏறும், பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள், தெரியும். பிறகு ஒரு நொடியில் எல்லாம் இரட்டை வேகத்தில் வெடித்து சாக்ஸஃபோன் பாயும். 1969இல் விலகிப் போன இயன் மெக்டொனால்ட் இந்த ஆல்பத்துக்காக விருந்தினராகத் திரும்பி வந்திருக்கிறார். இன்னொரு பழைய சாக்ஸஃபோன்காரர் மெல் காலின்ஸும் வந்திருக்கிறார். கடைசியில் அந்த முதல் கிடார் மெட்டு திரும்ப வரும்போது அதைத் தூக்கிக்கொண்டு வருவது சாக்ஸஃபோன்.

இப்போது அதை முழுதாக ஒலிக்கவிடப்போகிறேன். 12 நிமிடம். வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவர்கள் இப்போதே எழுந்துகொள்ளலாம், நடுவில் நாற்காலி நகர்த்த வேண்டாம். பேஸ் வரி தொடங்கியதும் கையில் பதின்மூன்றை எண்ணிப் பாருங்கள். எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது உங்கள் வசதி. கேள்விகளைப் பாட்டு முடிந்த பிறகு எடுத்துக்கொள்வோம். தம்பி, விளக்கைக் குறைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். போடுங்கள்.